யார் கழித்த வேலி

என் கணவரின் அண்ணன் எங்கள் வேலியைத் தன் வேலி என்று சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கசந்திருக்காது.

"வேலி நம்மளுதுதானேம்மா. நாலு வருஷமா யாரு கழிக்கறாங்க? ஊர்ல யார வேணா கேட்டுப் பாரு."

என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணன் எதிரில் அவருக்கு எப்போதும் சுவர் கிடைத்துவிடும்.

நிலம் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், பேருந்து நிற்குமிடத்திலிருந்து உள்ளே நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மாமனார் பிரித்துக் கொடுத்தபோது கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காக வேலி ஓடுகிறது: நொச்சி, ஒதியன், இடையிடையே தானாக முளைத்த வேலிகாத்தான் முள். வேலியை ஒட்டி எங்கள் பக்கம் ஒரு வரப்பு. வரப்பை ஒட்டி ஒரு கால்வாய். வடக்கு மூலையில் இருக்கும் பொதுக் கிணற்றிலிருந்து தெற்கே இருக்கும் எங்கள் கீழ்க்கழனிக்கு அந்தக் கால்வாய் வழியாகத்தான் தண்ணீர் போக முடியும். வேலி அவருடையது என்றால் அதை ஒட்டிய வரப்பும் அவருடையது. வரப்பு போனால் கால்வாயும் போகும். கால்வாய் போனால் கீழ்க்கழனியில் நெல் கிடையாது. எங்கள் வீட்டுச் சோறு அந்தக் கழனியிலிருந்துதான் வருகிறது.

பாகப்பிரிவினை வாய் வார்த்தையாக நடந்தது. பட்டா இன்றைக்கும் கூட்டுப் பட்டாதான். அளக்க வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம், "அண்ணன் தம்பிக்குள்ள சங்கிலி இழுக்கணுமா?" என்று அண்ணன் சிரித்து மழுப்பினார். அதனால் ஊர் வழக்கம்தான் சாட்சி. எங்கள் பக்கத்தில் வேலிக்கு வழக்கம் ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை மாசியில் வேலியின் கிளைகளை வெட்டி மட்டம் பண்ணுவதை வேலி கழிப்பது என்போம். யார் கழிக்கிறாரோ வேலி அவருடையது.

என் கணவர்தான் கழித்துக்கொண்டிருந்தார். முதுகில் தட்டு விலகி அறுவை சிகிச்சை ஆன பிறகு குனியவோ கையை ஓங்கவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் அண்ணன் வந்து, "நான் ஆள வச்சிக் கழிச்சிக்கறேன். தழ என் ஆட்டுக்கு ஆவும். நீ படுத்துக் கெட" என்றார். உதவி என்று நினைத்தோம். கழிக்க வருபவருக்கு நானே டீ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த உதவிதான் இப்போது நாலு வருஷத்துச் சாட்சியாக எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற கூட்டம் பெருகப் பெருக, ஊரைச் சுற்றியுள்ள கழனிகளில் எல்லாம் வெள்ளைக் கல் நட்டு மனை போடுகிறார்கள். அண்ணனின் பாதியையும் மனை போட ஒரு புரோக்கர் பேசிக்கொண்டிருந்தார். மனைக்கு ரோடு வேண்டும். அவர் நிலத்தில் ரோடு விட்டால் ஒரு வரிசை மனை குறையும். எங்கள் வேலியும் வரப்பும் கால்வாயும் சேர்ந்தால் ரோட்டுக்குச் சரியாக இருக்கும். தம்பியின் தண்ணீரை மூடி அதன் மேல் ரோடு போட நினைத்த மனிதர் அவர். இதை நான் மிகைப்படுத்தி எழுதவில்லை.

அவர் போன பிறகு டம்ளரைக் கழுவினேன். பிறகு மாட்டுக்கொட்டகையில் செருகியிருந்த கொடுவாளை எடுத்தேன்.

அது லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்த கொடுவாள். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். நுனியில் கிளி மூக்கு மாதிரி வளைவு உண்டு. எட்டாத கிளையை அதனால் மாட்டி இழுக்கலாம். பிடி வேலமரம். தூக்கும்போது கனம் முழுவதும் மூக்குப் பக்கம் போகிறது, அதனால் மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கிவிடும். நாலு வருடம் சும்மா கிடந்ததில் வாயெல்லாம் துரு. எங்கள் ஊரில் பெண்கள் கதிர் அறுப்பார்கள், களை எடுப்பார்கள், விறகும் பிளப்பார்கள். வேலி மட்டும் கழிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

எனக்கு டவுனில் வேலை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சரிபார்ப்பவள். விரிப்பின் மடிப்பு ஒரு விரல் விலகியிருந்தாலும் கலைத்து மறுபடி போடச் சொல்வேன். எதையும் முறையாகக் கற்றுக்கொண்டுதான் செய்வேன். கொடுவாளையும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குப் போகும் முன்பு காலையில் ஒரு மணி நேரம். முதலில் கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினேன். துரு போய், வாயில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும் வரை. அடுத்து, விழுந்து கிடந்த தென்னை மட்டைகள். பிறகு குலை வெட்டிய வாழை மரங்கள். வாழையில் கொடுவாள் நன்றாக இறங்கும், நமக்கு வேலை வந்துவிட்டது என்று பொய்யாக ஒரு நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையில் சவுண்டல் மரத்தின் கிளையில் ஓங்கிப் போட்டேன். கத்தி துள்ளித் திரும்பி என் முழங்காலுக்கு அருகே பாவாடையைக் கிழித்துக்கொண்டு போனது.

கணவர் கட்டிலில் இருந்தபடியே கத்தினார். "மேலருந்து போடாத! கீழருந்து மேல இழு. மேலருந்து போட்டா பட்ட கிழிஞ்சி தொங்கும், மரமும் பாழு, காலும் பாழு."

"இவ்ளோ தெரிஞ்சவரு அன்னைக்கு ஒரு வார்த்த பேசறதுதானே உங்கண்ணன்கிட்ட?"

"பேசி? சண்ட போடச் சொல்றியா?"

"நான் போட்டுக்கறேன். நீங்க செவுத்தப் பாருங்க."

ஆனால் அவர் சொன்னது சரி. கீழிருந்து மேலே சாய்வாக இழுத்தால் கிளை ஒரே வெட்டில் விடுபட்டுவிடுகிறது, வெட்டு வாய் நகம் மாதிரி மழமழவென்று இருக்கிறது. இடது காலைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். பலம் தோளிலிருந்து வரவேண்டும். இவையெல்லாம் என் உள்ளங்கையில் கொப்புளமாக வந்து, உடைந்து, காய்ந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டன. விடுதியில் மேலாளர் கையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். வேலி என்றேன்.

அண்ணன் வீட்டில் ஆள் வைக்கும் நாள் எனக்கு எளிதாகத் தெரிந்தது. அவர் மனைவி, என் ஓரகத்தி, பால் ஊற்றும் இடத்தில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்: "வியாழக்கெழம ஆளு வராரு. தலைவரும் வராரு, எங்க வேலியப் பாக்கறதுக்கு." முன்னாள் ஊராட்சித் தலைவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அதிலிருந்து புரிந்தது. எங்கள் வேலி என்ற சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பால் அளந்ததைச் சரிபார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமைக்கு விடுப்புச் சொன்னேன்.

அன்று வெயில் ஏறுவதற்கு முன் கிணற்று மூலையில் ஆரம்பித்தேன். புடவையை இழுத்துச் செருகி, மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. நொச்சி சுலபமாக வெட்டுப்பட்டது. தழை வாசனை கைக்கு ஏறியது. வேலிகாத்தான் வந்த இடங்களில் கொடுவாளின் மூக்கால் முள்ளை மாட்டி இழுத்துக்கொண்டு அடியில் வெட்டினேன். முள் சட்டையைத் தாண்டி உள்ளே ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன்.

முதலில் வந்தது ஓரகத்தி. ஆட்டுக்குத் தழை அள்ளக் கூடையோடு வந்தவள் நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, கைல கொடுவா, ஆம்பளச் சட்ட? ஊர் எல்லையில நிக்கற முனீஸ்வரன் மாதிரி கீற!"

"அப்ப ஒரு கும்புடு போட்டுட்டுப் போங்கக்கா."

"ஆம்பள இல்லாத வூடாடி உன்னுது?"

"ஆம்பள படுத்துக் கெடக்கறாருன்னுதானே வேலியக் கேக்கறீங்க? நின்னாருன்னா கேப்பீங்களா?"

அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வந்தார்கள். அண்ணன் முன்னால். அவருக்குப் பின்னால் முன்னாள் தலைவர், வெற்றிலை மென்றபடி. புரோக்கர் பைக்கை மேட்டில் நிறுத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வேலியின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் வருடா வருடம் வேலி கழிக்கும் ஆள், தோளில் கொடுவாளோடு. அவர் என் கணவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவரைத் தவிர எல்லார் மேலும் இருந்தது.

"லாட்ஜில பெட்ஷீட்டு மடிக்கற கைம்மா அது" என்றார் அண்ணன், தலைவருக்குக் கேட்கும்படி. "கைய கிய்ய வெட்டிக்கப் போற. வெச்சிட்டு வூட்டுக்குப் போ."

"மடிச்சி வெச்சிட்டுதான் வந்திருக்கேன் மாமா."

"தலைவரே, பாத்துக்கோங்க. நாலு வருஷமா என் ஆளு கழிச்ச வேலி. இன்னைக்கு வந்து கொடுவாளத் தூக்கினு நிக்குது. டேய், நீ அந்தக் கோடியிலருந்து ஆரம்பிடா. இது நாலு கெள வெட்டறதுக்குள்ள நீ நடுவுக்கு வந்துடுவ."

அது உண்மைதான். அந்த ஆளின் வேகத்துக்கு நான் ஈடாக மாட்டேன். என் வெட்டு சுத்தமாக இருந்தாலும் மெதுவானது. அவர் தெற்குக் கோடியிலிருந்து வந்தால், மதியத்துக்குள் வேலியில் முக்கால் பங்கு அண்ணன் ஆள் கழித்ததாக ஆகிவிடும். தலைவர் அதைப் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொல்வார். ஐந்தாவது வருஷமும் அண்ணன் கணக்கில் சேரும். என் கை வேர்த்து பிடி வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு வெட்டினேன்.

கழிக்கும் ஆள் தெற்குக் கோடிக்குப் போனார். தலைப்பாகையைக் கட்டினார். செருப்பை ஓரமாக விட்டார். எங்கள் வரப்பில் ஏறுவதற்கு முன், நாலு வருஷமும் எப்படிக் கேட்டாரோ அப்படியே என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"அண்ணி, வரப்புல நின்னுக்கட்டா?"

கத்தி வைத்திருப்பவர் அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் ஏற மாட்டார். ஏறினால் அது வேலைக்கு வந்ததாக இருக்காது, வெட்ட வந்ததாக இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்க்கிற மரியாதை அது. பழக்கத்தில் கேட்டுவிட்டார். கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

தலைவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

நான் கொடுவாளைத் தாழ்த்திக்கொண்டு, அங்கே இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "வேணாங்க. எங்க வரப்புல கால வெக்காதீங்க. உங்கள ஆள் வச்சது யாரோ, அவுங்க நெலத்துல நின்னு கழிங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வேலியை ஒட்டி ஒரு சாண் இடம்கூட விடாமல் அண்ணன் வேர்க்கடலை போட்டிருந்தார். மனை போடும் முன் கடைசியாக ஒரு வெள்ளாமை எடுத்துவிடலாம் என்ற கணக்கு. பூ விட்டு, பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். அப்போது செடியை மிதித்தால் காய் பிடிக்காது. கழிக்கும் ஆளின் கால் கடலையில் பட்டதும் அண்ணன் அலறினார்.

"டேய், டேய்! மல்லாட்டய மிதிக்காதடா! விழுது எறங்குது தெரியல?"

"பின்ன எங்கண்ணா நிக்கறது? ஒதிய மரத்து மேலயா?"

"வரப்புல ஏறுடா. அது நம்ம வரப்புதான்."

அவர் ஏறவில்லை. "அவுங்க வேணான்னுட்டாங்களேண்ணா."

"ஏம்பா" என்றார் தலைவர். "உன் வரப்புன்னா உன் ஆளு இன்னாத்துக்கு அந்தம்மாவக் கேக்கறான்?"

"அது ஒரு மரியாதிக்குக் கேட்டான் தலைவரே."

"வருஷா வருஷம் கேக்கறதுதாங்க" என்றார் கழிக்கும் ஆள். அவருக்கு அங்கே நடப்பது முழுதாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். "இந்த அண்ணன்தான் மொத வருஷம் சொன்னாரு. அந்தம்மாவக் கேட்டுட்டு அவுங்க பக்கம் நின்னுக்கோ, என் பயிர மிதிக்காதன்னு."

புரோக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

அண்ணன் விடுவிடுவென்று சுற்றி வந்து எங்கள் வரப்பில் ஏறினார். நான் வெட்ட வேண்டிய ஒதியன் கிளைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"வெட்டுவியா? வெட்டு பாக்கலாம். என்ன வெட்டிட்டு வேலிய வெட்டு."

"நான் வேலியத்தான் வெட்டறேன். நடுவுல வந்து நிக்கறது நீங்க."

"எங்கப்பன் நெலம்டி இது!"

"அவரு ரெண்டு பேருக்கும் அப்பன்."

அவர் நகரவில்லை. நான் இடது காலைப் பின்னால் வைத்து, அவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நொச்சிக் கிளையை மூக்கால் மாட்டி இழுத்து, கீழிருந்து ஒரே இழுப்பில் வெட்டினேன். கிளை அவர் தோளில் விழுந்தது. அடுத்த கிளையை மாட்டினேன். அவர் கையால் தழையைத் தள்ளிக்கொண்டு ஓர் அடி பக்கவாட்டில் வைத்தார். கால் கால்வாயில் இறங்கியது. காலையில் நான் திறந்துவிட்ட தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி முழங்கால் வரை சேறாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாகவும் இல்லை. மூன்றாவது கிளையை வெட்டினேன்.

"வாய்யா இந்தப் பக்கம்" என்று தலைவர் அவர் கையைப் பிடித்தார். "பொம்பளகிட்ட, அதுவும் கைல கத்தி வச்சினு இருக்கறவகிட்ட. கேட்டாச்சு, இல்லேன்னுட்டாங்க. இதுல நான் இன்னா சாட்சி சொல்றது? உன் ஆளு வரப்புல நிக்கக் கேட்டதத்தான் போய்ச் சொல்லணும்."

புரோக்கர் அதற்குள் மேட்டில் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். "தகராறு கீற எடம் வேணாங்கண்ணா. பார்ட்டிங்க நூறு கேள்வி கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலியைக் கழித்து முடிக்க எனக்கு அந்த வாரம் முழுவதும் ஆயிற்று. ஓரகத்தி தினமும் ஆடுகளை வேலியோரம் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். தழையைப் பார்த்து அவை கத்தின. ஒரு கொத்துகூடக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்க் கீழ்க்கழனியில் போட்டுச் சேற்றோடு சேர்த்து மிதித்தேன்.

வீட்டில் என் கணவர் மூன்று வேளையும் தட்டை அவரே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார். கடைசியில் ஒரு நாள், "எங்கண்ணன நாலு பேரு முன்னாடி சேத்துல தள்ளிட்ட" என்றார்.

"நான் தள்ளல. அவரே எறங்கினாரு."

"இனிமே அவரு என் மொகத்துல முழிப்பாரா?"

"போன மாசம் முழிச்சாரே, இன்னாத்துக்கு முழிச்சாரு?"

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைத் தைத்த தழும்பு எனக்குத் தெரிந்தது. அதற்காகக்கூட என் பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட்டது கீழ்க்கழனி அரிசி.

சித்திரையில் கடலை பிடுங்கி முடித்ததும் அண்ணன் தன் நிலத்தை அடைத்தார். இரும்புக் குழாய் நட்டு, ஆள் உயரத்துக்கு நீல நிறத் தகடு. எங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, எங்கள் வேலியின் ஒரு துளிர்கூடத் தன் பக்கம் சாயக் கூடாது என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்காகத் தகட்டை வேலியை விட்டு இரண்டடி உள்ளே தள்ளி, தன் கடலைக் கொல்லையிலேயே நட்டிருக்கிறார். கூலி ஆட்கள், "எடம் வீணாவுதே" என்றபோது, "ஆவட்டும்" என்றாராம். நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அளக்க வேண்டும் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகக் கழித்தேன். இரண்டு பக்கமும் நானே. வேலிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது, கை ஓங்க இடம் இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கொடுவாளின் முதுகு தகட்டில் மோதி, அவர் வீடு வரை கேட்கும்படி சத்தம் போடுகிறது. கொஞ்சம் சாய்ந்து நின்று, குறுக்கே பிடித்து வெட்டினால் சத்தம் வராது. அப்படி வெட்ட எனக்குத் தெரியும்.